பாடத்தில் இல்லாத பை

மகளிர் விடுதியில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். வாய் ஓயாதவள் என்பதால் வந்த பெயர். முதலாண்டுப் பெண்களுக்கு அவள் ரேடியோக்கா. இறுதியாண்டு படிப்பவள், இரண்டாம் மாடிக்கு மாணவர் பொறுப்பாளர், எந்த மேடையிலும் கூச்சமில்லாமல் ஏறி நிற்பவள். அப்படிப்பட்டவளிடம் ஒரு கூட்டத்தை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று யாராவது முன்கூட்டியே யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை.

ஒப்படைத்தவர் கல்லூரி நர்ஸ். விடுதிப் பெண்களுக்கு மதுவைப் பற்றிப் பாதுகாப்பு வகுப்பு நடத்த வேண்டும் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவர் அவர். "எங்க பொண்ணுங்க யாரும் அதையெல்லாம் தொடமாட்டாங்க" என்று வார்டன் கடைசிவரை சொல்லிப் பார்த்தார். நர்ஸ் விடவில்லை. தான் பேசினால் பெண்கள் சுவரைப் பார்ப்பார்கள், கூடப் படிப்பவள் பேசினால் காது கொடுப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. அதனால் ரேடியோவைப் பிடித்து உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

குடிக்காதே என்று உபதேசம் செய்யும் பாடம் இல்லை அது. குடித்துவிட்டு ஒருத்தி எழுப்பியும் எழவில்லை என்றால் என்ன செய்வது என்ற பாடம். அவளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி தொண்டையில் சிக்காது. உடனே எனக்குச் சொல்லுங்கள். நான் வரும்வரை அவள் பக்கத்தைவிட்டு நகராதீர்கள். காபியும் வேண்டாம், தலையில் பச்சைத் தண்ணீரும் வேண்டாம். குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதனால் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். கூப்பிட்டது யார் என்று நான் பெயர் கேட்கமாட்டேன். அவ்வளவுதான் பாடம். இதில் சேர்க்கவும் எதுவும் இல்லை, கழிக்கவும் எதுவும் இல்லை.

வகுப்பன்று கூடத்தின் வாசலில் வார்டன் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு நின்று எல்லோருடைய போனையும் பிடுங்கி அதில் போட்டார். போன் இல்லாத கூட்டம் பாதி நேரத்தில் கொட்டாவி விட ஆரம்பித்தது. படிக்கட்டில் யாரோ காலைச் சுளுக்கிக்கொண்டாள் என்று நர்ஸை அழைத்துப் போனார்கள், வாளியும் சாவியுமாக வார்டனும் அவர் பின்னால் போனார். மேடையில் ரேடியோ தனியாக நின்றாள். முன்வரிசையில் ஒருத்தி பட்டப்பகலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். தான் பேசும்போது ஒருத்தி தூங்குவதா? ரேடியோவுக்குச் சுருக்கென்று இருந்தது.

"சரி, இதுவரைக்கும் நர்ஸக்கா பாடம். இனிமே என் பாடம். ஏய், யாராவது ஒரு ஸ்கூல் பை குடுங்க. கனமா இருக்கணும்."

எப்போதோ போனில் பார்த்த ஒரு வீடியோதான் அவள் பாடம். முன்வரிசையில் இருந்த குருவியை மேடைக்கு இழுத்தாள். குருவி முதலாண்டு, உருவமும் குரலும் சின்னது, அதனால் அந்தப் பெயர். புத்தகம் திணித்த பையை அவள் முதுகில் மாட்டி, மார்புக்குக் குறுக்கே கொக்கியைப் போட்டு, தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்.

"இப்ப மல்லாக்கப் படுடி பார்க்கலாம்."

குருவி புரண்டு பார்த்தாள். பை தடுத்தது. கையைக் காலை உதைத்துப் பார்த்தாள். அவளும் சிரித்தாள், கூடமே சிரித்தது. தூங்கியவளும் எழுந்து சிரித்தாள்.

"பார்த்தீங்களா? ஆள் புரளவே முடியாது. வாந்தி வந்தாலும் வெளியிலதான் போகும். பக்கத்துலயே உக்காந்து கொசு அடிச்சிட்டு இருக்க வேண்டாம். பையை மாட்டிவிடுங்க, கதவைச் சாத்துங்க, நிம்மதியா உங்க வேலையைப் பாருங்க!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நர்ஸ் திரும்பி வந்தபோது குருவி தன் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். "என்ன ஒரே சிரிப்பு?" என்று கேட்டார். "சும்மாக்கா, ஒரு ஜோக்" என்றாள் ரேடியோ. நர்ஸுக்கு முகமெல்லாம் பூரிப்பு. இந்த வகுப்புக்குக் கைதட்டல் விழுவதை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

பருவத் தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டு வந்த மதியம் அது நடந்தது. குருவியோடு ஒரே அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நெட்டை, முக்காலி இல்லாமலே மின்விசிறியைத் துடைப்பவள். இன்னொருத்தி கண்ணாடி, அதைப் போடாமல் பதில்கூடச் சொல்லமாட்டாள். தேர்வு முடிந்த சந்தோஷத்தில் நெட்டை ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தாள். பழச்சாற்றில் கலந்ததில் கசப்பே தெரியவில்லை. தெரியாததால்தான் வினை. அதுவரை ஒரு சொட்டுகூடத் தொட்டிராத குருவி, தாகத்துக்குக் குடிப்பதுபோல மடமடவென்று குடித்தாள். முதலில் பாடினாள். பிறகு அழுதாள். பிறகு வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு படுத்தாள்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததைக் கண்ணாடி பின்னால் அழுதுகொண்டே சொன்னாள்.

"நர்ஸக்காவைக் கூப்பிடலாம்டி" என்றிருக்கிறாள் கண்ணாடி.

"கூப்பிட்டா வார்டன் வருவாங்க. வார்டன் வந்தா வீட்டுக்குப் போன் போகும். எங்கப்பாவைப் பத்தி உனக்குத் தெரியாது."

"பேர் கேக்க மாட்டேன்னு சொன்னாங்கல்ல?"

"நர்ஸ் கேக்க மாட்டாங்க. வார்டன் சும்மா இருப்பாங்களா? ரேடியோக்கா சொன்ன மாதிரி பையை மாட்டிடலாம்டி. அது போதும்."

குருவியின் பையிலேயே இருந்த புத்தகங்களோடு அதை அவள் முதுகில் மாட்டினார்கள். கொக்கியைப் போட்டது கண்ணாடி. சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தாள். தலைமாட்டில் ஒரு வாளி வைத்தார்கள், குடிக்கத் தண்ணீர் வைத்தார்கள். தங்களுக்குத் தெரிந்த அக்கறையை எல்லாம் காட்டிவிட்டு, வெளியே பூட்டுப் போட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போனார்கள். இடைவேளையில் கண்ணாடி திரும்பிப் போய்விடலாம் என்றாளாம். பை மாட்டியிருக்கிறதே என்றாளாம் நெட்டை.

சாயங்காலம் ரேடியோ அந்த அறைக்கு வந்தது இஸ்திரிப் பெட்டி கடன் கேட்க. பூட்டு தொங்கியது. உள்ளே ஒரு போன் அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது, மறுபடியும் ஓய்ந்தது. மகள் தேர்வை எப்படி எழுதினாள் என்று கேட்க குருவியின் அம்மா விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. ரேடியோ ஜன்னல் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். தரையில் பாயில் குருவி முதுகில் பையோடு படுத்திருந்தாள்.

ரேடியோ சிரித்தாள். உண்மையில் சிரித்தாள். நம் வகுப்பு இவ்வளவு தூரம் மண்டையில் ஏறியிருக்கிறதே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "ஏய் குருவி, என்னடி கோலம் இது?" என்று கூப்பிட்டாள். போன் மறுபடி அடித்தது. குருவியின் விரல்கூட அசையவில்லை. அப்போதுதான் அவள் உதடு கண்ணில் பட்டது. சாம்பல் பூத்திருந்தது.

அந்த விடுதிப் பெண்கள் சாவியை வாசலில் கிடக்கும் ஷூவுக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். வார்டனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ரேடியோ ஷூவைக் கவிழ்த்துச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவள் அந்த மாடியில் இல்லை. தோளைத் தட்ட வேண்டும், மூச்சைப் பார்க்க வேண்டும், நர்ஸைக் கூப்பிட வேண்டும். மனப்பாடமாக ஒப்பிப்பாள். ஆனால் அவள் கை முதலில் போனது பையின் கொக்கிக்கு. கொக்கியைக் கழற்றினாள். துவண்டு கிடந்த ஒரு கையை உருவினாள், இன்னொரு கையையும் உருவினாள். பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதன் பிறகுதான் குனிந்து மூச்சைப் பார்த்தாள்.

மூச்சு இருந்தது. ஒன்று வந்த பிறகு அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கு மேல் அவள் செய்ததில் யாரும் குறை சொல்ல முடியாது. கத்திக் கூட்டம் சேர்த்தாள், நர்ஸை வரவழைத்தாள், ஆம்புலன்ஸைக் கூப்பிடவைத்தாள், வண்டி வரும்வரை குருவியின் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர்கள் குருவியைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்றார்களாம். விடுதி முழுக்க ரேடியோவைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. மெஸ்ஸில் அவளுக்கு வரிசையில் வழி விட்டார்கள். அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பையைத் தள்ளிய கால் அவள் உடம்போடேயே ஒட்டிக்கொண்டிருந்தது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

விசாரணை வார்டன் அறையில் நடந்தது. மேசைக்கு ஒரு பக்கம் வார்டனும் நர்ஸும். மாடிப் பொறுப்பாளர் என்ற முறையில் ரேடியோவுக்கும் ஒரு நாற்காலி. எதிரே நெட்டையும் கண்ணாடியும் நின்றார்கள்.

"உசிருக்குப் போராடுற பொண்ணைப் பூட்டி வச்சிட்டு சினிமா பார்க்கப் போயிருக்கீங்க. மனுஷங்கதானா நீங்க?" என்றார் வார்டன்.

"தப்புதான் மேடம்" என்றாள் கண்ணாடி. "ஆனா சும்மா விட்டுட்டுப் போகலை. பையை மாட்டிட்டுத்தான் போனோம். வகுப்புல சொல்லிக்குடுத்தாங்க."

நர்ஸ் நிமிர்ந்தார். "எந்த வகுப்புல? பையா? நான் அப்படி ஒரு பாடமே வைக்கலையே? பக்கத்தைவிட்டு நகராதீங்கன்னுதானே முக்கியமாச் சொன்னேன்?"

"நீங்க இல்லக்கா. நீங்க வெளியில போயிருந்தீங்க. இவங்கதான்..." நெட்டையின் விரல் ரேடியோவை நோக்கி நீண்டது.

வார்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாருக்குக் காதுல பூ சுத்துற? உங்க சிநேகிதி உசிரோட இருக்கான்னா அதுக்குக் காரணமே இவதான். இவ மேலயே பழியா?" பிறகு ரேடியோ பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "நீ சொல்லும்மா. முதல்ல உள்ள போனது நீதான். அந்தப் பொண்ணு முதுகுல பை இருந்துச்சா?"

இருந்தது என்று ஒரு வார்த்தை. அதுகூட இல்லை, தலையை ஆட்டினாலே போதும். நாளெல்லாம் ஓடும் அந்த வாய் அன்றைக்குப் பார்த்து மக்கர் செய்தது.

"நான்... கவனிக்கலை மேடம்."

"வகுப்புல அப்படி ஏதாவது சொன்னியா?"

"ஞாபகம் இல்லை மேடம்."

நெட்டை அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. கோபம் இல்லை. நம்பிய ஒருத்தி இப்படியும் சொல்வாளா என்ற திகைப்புத்தான் இருந்தது. ரேடியோ மேசை விரிப்பின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரையும் விடுதியைவிட்டு விலக்குவது என்று முடிவானது. இருவருக்கும் வீடு வெகு தூரம். விடுதி இல்லை என்றால் கல்லூரியும் இல்லை, படிப்பும் இல்லை. குடித்ததற்காக மட்டும் என்றால் எச்சரிக்கையோடு விட்டிருப்பேன், பொய் சொல்லி அடுத்தவளை மாட்டிவிடப் பார்த்ததைத்தான் பொறுக்க முடியவில்லை என்றார் வார்டன். அன்று சாயங்காலமே நெட்டையும் கண்ணாடியும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கொக்கியை நீ ஒழுங்காப் போட்டிருக்க மாட்டே என்று நெட்டை சொல்ல, நான் போட்டேனா இல்லையா என்று எனக்கே இப்போது தெரியவில்லை என்று கண்ணாடி கத்திய சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. தன் அறையில் இருந்த ரேடியோவுக்கும் கேட்டது.

அடுத்த நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்பதும் ஒரு காரணம், அதையும் மறைக்க வேண்டியதில்லை. குருவி தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் ஊசி குத்திய இடம் கன்றிப்போயிருந்தது. அவள் அம்மா ஸ்டூலைவிட்டு எழுந்து ரேடியோவை அதில் உட்காரவைத்தார்.

"நீதானாம்மா பிள்ளைங்களுக்கு வகுப்பு எடுக்கிற பொண்ணு? நர்ஸம்மா சொன்னாங்க." அவர் ரேடியோவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "அந்த ரெண்டு பேரும் நீ சொன்னதைக் காதுல வாங்கியிருந்தா என் பொண்ணுக்கு இந்தக் கதி வந்திருக்காதுல்ல?"

வாங்கினார்களே. அட்சரம் பிசகாமல் வாங்கினார்களே! ரேடியோவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்கம்மா" என்று ஏதோ உளறிவிட்டு எழுந்தாள். படி இறங்கும்போதுதான் தெரிந்தது, அந்த அம்மாவிடமிருந்து கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு வந்திருக்கிறாள்.

நேரே வார்டன் அறைக்குப் போனாள். நின்றபடியே சொன்னாள். "மேடம், அந்தப் பை விஷயம்... வகுப்புல நான்தான் சொன்னேன். சிரிப்புக்காகச் சொன்னேன். அவங்க ரெண்டு பேரும் பொய் சொல்லலை."

கட்டிலுக்கு அடியில் தள்ளியதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. உண்மையையும் தவணை முறையில்தான் அவளால் கொடுக்க முடிந்தது.

வார்டன் பேனாவை மூடினார். கெட்டவர் இல்லை அவர். ஆனால் பயந்தவர். "உக்காரு. வகுப்பு ஒழுங்கா நடந்துச்சு, சொல்ல வேண்டியதைச் சொன்னோம், பொண்ணுங்கதான் கேக்கலைன்னு பிரின்சிபால் எல்லாப் பெற்றோருக்கும் சொல்லியாச்சு. இப்ப வகுப்புலயே தப்பாச் சொல்லிக்குடுத்தோம்னு ஆனா, அந்தப் பொண்ணு வீட்ல சும்மா விடுவாங்களா? வகுப்பையே மூடிடுவாங்க. நர்ஸுக்கு வேலை போகும். உனக்கும் கெட்ட பேரு. நீ எதுவும் சொல்லலை. புரிஞ்சுதா? உனக்குத்தான் ஞாபகம் இல்லையே."

தான் சொன்ன பொய்யையே அழகாக மடித்துத் தன் கையில் கொடுத்துவிட்டார் என்று ரேடியோவுக்குப் பட்டது. வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வெளியே வந்தபோது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நான் சொல்லிவிட்டேன், அவர்கள்தான் ஏற்கவில்லை. இனி என்மேல் என்ன தவறு?

அந்த நிம்மதி மறுநாள் மதியம்வரை தாங்கியது. நெட்டையின் அப்பா வந்திருந்தார். பஸ் டிரைவர். வேலைச் சட்டையை மாற்றக்கூட நேரமில்லாமல் கிளம்பி வந்திருக்கிறார். மாடிப்படியில் மகளின் படுக்கையைத் தோளில் சுமந்து இறங்கிக்கொண்டிருந்தவர், ரேடியோவைக் கண்டதும் சுவரோரமாக ஒதுங்கி வழி விட்டார். யாரோ அடையாளம் காட்டியிருக்க வேண்டும்.

"உன்னைப் பார்த்துட்டுப் போகணும்னு நெனச்சேம்மா. என் பொண்ணு உன் மேல அபாண்டமாச் சொல்லிட்டா. மன்னிச்சிரும்மா."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"இல்லம்மா. குடிச்சான்னு கேட்டப்பகூட நான் கை ஓங்கலை. வயசு, சேர்க்கை, ஏதோ புத்தி கெட்டுப் போச்சுன்னு விட்டேன். ஆனா காப்பாத்துன பொண்ணு மேலயே பழி போட்டியேன்னு சொல்லி அறைஞ்சேன். பொறந்ததுல இருந்து நான் அவளைத் தொட்டதில்லை." அவர் தோளில் படுக்கையைச் சரிசெய்துகொண்டார். "அறைஞ்சப்பவும், அந்த அக்கா சொன்னாங்கப்பான்னுதான் சொல்றா. அவ்வளவு அழுத்தம்."

ரேடியோ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவ பொய் சொல்லலை" என்றாள். "பை மாட்டச் சொன்னது நான்தான். அவ சொன்னதுதான் உண்மை."

டிரைவர் படுக்கையை மெதுவாகப் படியில் இறக்கி வைத்தார். கத்துவார், கை ஓங்குவார் என்று ரேடியோ எதிர்பார்த்தாள், அப்படி நடந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் தன் உள்ளங்கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான்.

"என்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது?" என்றார். "அவளைப் பொய்க்காரின்னு எல்லாருக்கும் தெரியற மாதிரிதானே சொன்னாங்க."

அன்று சாயங்காலம் கூடத்தில் வகுப்பு இருந்தது. நடந்த சம்பவத்தை ஒட்டி அதே பாடத்தை மறுபடி நடத்த நர்ஸ் ஏற்பாடு செய்திருந்தார், எடுக்க வேண்டியவள் ரேடியோ. வார்டன் பின்வரிசைக்குப் பின்னால் நின்றார். வாசலில் ஷூக்கள் கிடந்த இடத்தில் நெட்டையும் கண்ணாடியும் தங்கள் மூட்டைகளோடு நின்றார்கள், வண்டி வரும்வரை அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. டிரைவர் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றார். ரேடியோ மேடை ஏறியதுமே கைதட்டல் தொடங்கிவிட்டது.

"தட்டாதீங்க" என்றாள். சிலர் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். "போன தடவை இதே இடத்துல, நர்ஸக்கா வெளியில போயிருந்தப்போ, நான் குருவி முதுகுல ஒரு பையை மாட்டினேன். மாட்டிவிட்டுட்டு நிம்மதியா உங்க வேலையைப் பாருங்கன்னு சொன்னேன். அது பாடத்துல கிடையாது. அது தப்பு. ஆள் பக்கத்துல இருக்கணும், அதுதான் பாடம். பை மூச்சைப் பார்க்காது, யாரையும் கூப்பிடாது. அதைச் சொல்லிக்குடுத்தது நான். விசாரணையில ஞாபகம் இல்லைன்னும் சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்கு."

பின்னாலிருந்து வார்டன், "போதும், இறங்கு" என்றார். நர்ஸ் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க ரேடியோவால் முடியவில்லை.

"யார் யார் கேட்டீங்க?" என்றார் நர்ஸ். ரேடியோவிடம் இல்லை, கூட்டத்திடம். "அன்னைக்கு இவ சொன்னதை யார் யார் கேட்டீங்க? கை தூக்குங்க."

ஒருத்தியும் அசையவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். விலக்கல் உத்தரவு வந்த நாளில் இருந்து இத்தனை பேருக்கும் உண்மை தெரியும். மெஸ்ஸில் குசுகுசுத்தார்கள், அறைக்குள் பேசிக்கொண்டார்கள், வார்டன் அறைக்கதவை ஒருத்திகூடத் தட்டவில்லை. முன்வரிசையில், அன்றைக்குத் தூங்கி வழிந்தாளே, அவள்தான் முதலில் கையைத் தூக்கினாள். பிறகு அவள் பக்கத்தில் இருந்தவள். பிறகு மளமளவென்று வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. டிரைவர் அந்தக் கைகளைப் பார்த்தார், மகளின் கன்னத்தைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வார்டன் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

யாரோ ஒருத்தி மெல்லக் கைதட்டினாள். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். தப்பை ஒப்புக்கொண்டாளே, எவ்வளவு தைரியம் என்ற கைதட்டல். அது ரேடியோவின் காதுக்கு இதமாக இருந்தது. இதமாக இருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

"பை எங்கக்கா?"

வாசலில் இருந்து நெட்டை கேட்டாள். கைதட்டல் நின்றது.

"வகுப்புல சொன்னதை ஒத்துக்கிட்டீங்க, சரி. பையை நீங்க பார்க்கலைன்னு சொன்னீங்க. வார்டன் மேடம் பையே இல்லைன்னாங்க. அப்ப நாங்க மாட்டினோமா இல்லையா?"

அவிழ்ந்து விழுந்திருக்கும் என்று சொல்லலாம். குருவியே கழற்றியிருப்பாள் என்று சொல்லலாம். கூடம் நம்பும், நர்ஸ்கூட நம்புவார். இவ்வளவு உண்மை சொன்னவளை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

"மாட்டியிருந்தீங்க" என்றாள் ரேடியோ. "நான்தான் கழட்டினேன். கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன்."

"எப்ப?" என்றார் நர்ஸ். "மூச்சைப் பார்த்துட்டா?"

ரேடியோ இல்லை என்று தலையை ஆட்டினாள். தலையை ஆட்டினால் போதாது என்று தெரிந்து வாயைத் திறந்தாள்.

"அதுக்கு முன்னாடி. அவ உசிரோட இருக்காளான்னு பார்க்கறதுக்கு முன்னாடி பையைத்தான் கழட்டினேன். யாராவது பார்த்தா நான் மாட்டிக்குவேன்னு."

நர்ஸ் உட்கார்ந்துவிட்டார். கைதட்டியவர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். வாசலில் கண்ணாடி தன் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு நெட்டையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மாட்டினேன்ல? நான் மாட்டினேன்லடி? இழுத்துக்கூடப் பார்த்தேன்ல?" என்று கேட்டுக்கொண்டே ஷூக்களுக்கு நடுவில் உட்கார்ந்து விசும்பினாள். "மாட்டினடி" என்று சொல்லிக்கொண்டு நெட்டையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடம் முழுக்க அவர்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மேடையில் நின்றவளை யாரும் பார்க்கவில்லை.